மூன்றாவது கேள்வி

“தையல் படிக்கிறேன்னு சொல்லிடு. போலீஸ், திருட்டுன்னு படிக்கிற பொண்ணை எவன் கட்டுவான்?”

“அப்பா, அவங்களுக்கு...”

“நீ பேசாதே!” என்றார் விநாயகமூர்த்தி. பெண் பார்க்க வந்தவர்கள் படியேறும் சத்தம் கேட்டது. விஜயகுமாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, வந்தவர்களுக்கு வைக்கும் பர்மியத் தேயிலைப் பலகாரமான லப்பெட் தட்டை எடுத்து வர உள்ளே போனாள்.

மாப்பிள்ளையின் தாய் புஷ்பலதா உட்கார்ந்ததுமே கேட்டாள்.

“பொண்ணு என்ன படிக்குது, அண்ணே?”

“தையல்மா. இங்கே தாகேதாவுலயே ஒரு காலேஜ். ஃபீஸும் கம்மி.”

“எனக்கு ஒரு ரவிக்கை தைச்சுத் தருவாளா?”

“இ... இப்பத்தானே சேர்ந்திருக்கா.”

“அப்போ நல்லதாப் போச்சு. கல்யாணத்தோட படிப்பை நிறுத்திடலாம்ல?”

விநாயகமூர்த்தி எழுந்துவிட்டார். பகலெல்லாம் கடையில் நின்றுவிட்டு, சாப்பிடாமல்கூட வகுப்புக்கு ஓடுகிற பெண் அவள்.

“அது மட்டும் நடக்காதும்மா. அவ படிக்கிறது தையல் இல்ல, குற்றவியல் நீதி. வகுப்புலயே முதல் ஆளு எம்பொண்ணு! இந்தச் சம்பந்தம் போனாலும் போகட்டும், அவ படிப்பா.”

புஷ்பலதா வாய்விட்டுச் சிரித்தாள்.

“தெரியும் அண்ணே. நானும் அதே வகுப்புதான். போன வாரம் பயிற்சிக்காக வகுப்புலயே கோர்ட்டு மாதிரி நடிச்சோம்; நான் திருடி, உங்க பொண்ணு வக்கீல். கோபமே படாம மூணே கேள்விதான் கேட்டா, உண்மையைக் கக்கிட்டேன். அன்னைக்கே இவதான் என் மருமகள்னு முடிவு பண்ணிட்டேன்.”

தட்டோடு வந்த விஜயகுமாரியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு தொடர்ந்தாள்:

“இவகிட்ட கத்துக்கிட்ட மாதிரிதான் இப்போ உங்ககிட்டயும் மூணு கேள்வி கேட்டுப் பார்த்தேன்!”