செவுள் வெட்டிய கார்

ஆகஸ்ட் பதினேழு, ஞாயிற்றுக்கிழமை. மேகமூட்டம், மழை இல்லை. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று ஓயாமல் வந்துகொண்டிருந்தது.

அவள் தகடு வெட்டும் கிரைண்டரைக் காரின் மட்கார்டின் மீது வைத்து அழுத்தினாள்.

பொறி பறந்தது.

முன்சக்கரத்துக்கு நேர் மேலே, சற்றே பின்தள்ளி. அங்கேதான் வெட்ட வேண்டும். அண்ணனுடைய மில்லின் பெயர் பெரிய எழுத்துகளில் தீட்டப்பட்டிருந்ததும் அங்கேதான்.

காரும் அண்ணனுடையதே. பந்தயத்தில் ஓட்டுவது மட்டும் அவள்.

நேற்றைய பயிற்சியில், நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் வலப்புறம் திரும்பும் அந்த வேக வளைவில், சுற்று தவறாமல் அவளுடைய கால் ஆக்சிலரேட்டரை விட்டு எழுந்தது. என்ஜினின் குரல் அங்கே உடைந்ததை வேலியோரம் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள்.

அண்ணன் செங்கோட்டுவேல் எல்லார் முன்னிலையிலும் சிரித்தார்.

“பொம்பளக் காலு, பயந்தாத் தானா எந்திரிச்சுக்கும். நாளைக்குக் காலைல ஒரு ரேஸு பாக்கறேன் அம்மிணி. அதுலயும் காலத் தூக்குனீன்னா, மத்தியானம் சஞ்சித்து ஓட்டட்டும்.”

சஞ்சித் அவருடைய மகன். பந்தய உரிமம் வாங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது.

கால் அச்சத்தால் எழவில்லை என்பதை அவள் அறிவாள். அந்த வேகத்தில் ஸ்டீயரிங் வெறும் தட்டைப் போல் கனமற்றுப் போகிறது. சுழலும் சக்கரம் வாரி இழுத்த காற்று மட்கார்டின் உட்புறத்தில் அடைபடுகிறது. வெளியேற வழியின்றி மேல்நோக்கி முட்டுகிறது. முட்டி முட்டிக் காரின் மூக்கையே தரையிலிருந்து தூக்கப் பார்க்கிறது.

தரையைப் பற்றாத சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினால் என்ன?

இதை நேற்று மாலையே அண்ணனிடம் விளக்கினாள். “காத்து மேல பழியப் போடறா பாருங்கப்பா” என்று அதற்கும் சிரித்தார்.

ஆகவே இன்று அவள் விளக்கவில்லை. வெட்டினாள்.

பக்கத்துக்கு மூன்று பிளவுகள். ஒவ்வொரு பிளவுக்கும் முன்னால் இருந்த தகட்டை நெம்பி உயர்த்தினாள். வாய்கள் பின்னோக்கித் திறந்தன, மீனின் செவுளைப் போல. அவள் ஓட்டும் பந்தய வகையில் இதற்குத் தடை ஏதும் இல்லை.

ஒரு பக்கம் முடிந்தபோது அண்ணன் வந்தார். பார்த்தார். வாயில் இருந்த காப்பியை விழுங்க மறந்தார்.

“ஏனம்மிணி, என்ற மில்லுப் பேரையே அறுத்துப் போட்டயா?”

“அந்தப் பக்கமும் அறுக்கோணுங்ணா. கொஞ்சம் நகருங்க.”

நகர்ந்தார். தீப்பொறிக்கு வெள்ளை வேட்டி அஞ்சத்தானே வேண்டும்.

காலைப் பந்தயம்.

நேர்ப்பாதை முடிந்தது. வளைவு வந்தது.

ஸ்டீயரிங் கனத்தது. நிறைகுடத்தை ஏந்தியதைப் போன்ற கனம். உள்ளங்கை வழியே தரையின் ஒவ்வொரு தழும்பும் தெரிந்தது.

கால் எழவில்லை.

அடுத்த சுற்றிலும் எழவில்லை. அதற்கடுத்த சுற்றில், முன்னே சென்ற நீல நிறக் காரின் ஓட்டுநர் காலை எடுத்தான். அவள் அவனை வெளிப்புறமாகக் கடந்து போனாள். ஏழாவதாகப் புறப்பட்டவள் மூன்றாவதாக வந்து சேர்ந்தாள்.

கார் நின்றதும் செவுள்களின் வழியே அனல் எழுந்தது. அண்ணன் அதன் மேல் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு சற்று நேரம் நின்றார்.

“வண்டி இப்பத்தான் சரியாச்சு” என்றார். “இனி யாரு வேணாப் பயமில்லாம ஓட்டலாம். மத்தியானம் சஞ்சித்து ஒக்காரட்டும்.”

“நாந்தான் காலத் தூக்கவே இல்லீங்களேண்ணா.”

“எல்லாங் காத்துதான்னு நீதான சொன்ன? காத்தச் சரி பண்ணியாச்சு. அப்பறம் உன்ற காலுக்கு என்ன பெருமை?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. ஸ்டீயரிங்கின் பின்னால் இருந்த பூட்டைத் தளர்த்தி, ஸ்டீயரிங்கையே உருவி எடுத்தாள். பந்தயக் காருக்குள் இருக்கும் பாதுகாப்புக் கம்பிக்கூண்டிலிருந்து இறங்க எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். இறங்கியதும் அதைக் கூரையின் மேல் வைப்பார்கள்.

அவள் வைக்கவில்லை.

டயர் அடுக்கின் மீது போய் அமர்ந்தாள். ஸ்டீயரிங் மடியில் இருந்தது. அங்கேயே உண்டாள். அங்கேயே தலைக்கவசத்தை மீண்டும் மாட்டிக்கொண்டாள்.

மதியப் பந்தயத்துக்கு அழைப்பு வந்தது. சஞ்சித் காரில் ஏறினான். பட்டைகளை இறுக்கினான். இரு கைகளையும் முன்னே நீட்டினான்.

எதிரே ஒரு மொட்டைத் தண்டு.

“அத்தை” என்றான் மெதுவாக. “ஸ்டீயரிங்.”

அவள் வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மற்றக் கார்கள் ஒவ்வொன்றாகப் பாதைக்குச் சென்றன. இரண்டு முப்பத்தைந்துக்குப் பாதையின் வாயிலை மூடிவிடுவார்கள்; அதற்குள் போகாத காருக்குப் பந்தயம் இல்லை. கொடி பிடித்த அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன் அவளெதிரே வந்து நின்று கையை நீட்டினார்.

“மானம் போகுது அம்மிணி. குடு.”

“எதுக்குங்ணா? காத்தையே ஓட்டச் சொல்லுங்க.”

கடைசிக் காரும் புறப்பட்டுப் போன ஓசை இருவருக்கும் இடையே கடந்தது.

பிறகு அவர் நீட்டிய கையை மடக்கினார். திரும்பினார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகச் சென்று, மகன் அமர்ந்திருந்த காரின் கதவைத் திறந்தார்.

பிற்பகல் இரண்டு மணி முப்பத்து மூன்று நிமிடம்.