படம் வர நேரமாகும்

ஸ்கேன் மேசையில் படுக்கும்போது பேச்சித்தாய் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தாயி, முடிவு எதுவா இருந்தாலும் சரி, சொல்லும்போது எங்க வீட்டுக்காரரு பக்கத்துல நிக்கணும். தனியாக் கேக்க எனக்குத் தெம்பில்ல."

"நிப்பாருக்கா" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள் ஸ்கேன் எடுக்கும் செண்பகவல்லி. வாசலில் தவித்துக்கொண்டு நின்ற அவள் புருஷன் சுடலைமணியைப் பார்த்ததும், பல வருஷப் பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "படம் வர நேரமாகும் அண்ணாச்சி. போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

"அவளுக்கும் வாங்கியாரேன். இனிப்புக் கொறஞ்சா மூஞ்சியத் தூக்கிருவா" என்று அவர் கிளம்பினார்.

அந்த எந்திரத்துக்கு முந்தின நாள்தான், நொடியில் படத்தைக் கொண்டுவரும் புது சிப் பூட்டியிருந்தார்கள். பாவி மகள் செண்பகவல்லிக்கு அது நினைவு வந்தபோது காரியம் கைமீறிவிட்டது. பிடித்த மூச்சைப் பேச்சித்தாய் விடுவதற்குள், அவள் முகத்துக்கு நேரே கூரைத் திரையில் ஈரலின் படம் முழுசாக எழுந்து நின்றது. நோயாளிக்குத்தான் முதலில் தெரிய வேண்டும் என்பது இப்போதைய சட்டம். நோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது, இனி அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்பதையெல்லாம் எந்திரம் கனிவான குரலில் அவளிடம் சொல்லி முடித்தது.

செண்பகவல்லி ஓடிப்போய்த் திரையை அணைத்தாள். "நான்தான்க்கா அவர அனுப்பிட்டேன்..."

பேச்சித்தாயின் கண்ணீர் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. இரண்டு கையிலும் டீயோடு சுடலைமணி. "படம் வந்துட்டா?"

பேச்சித்தாய் புறங்கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் நேரமாகுமாம். பக்கத்துல உக்காந்து டீயக் குடிங்க."