ஊதா வெளிச்சம்

அனுசுயா இறந்த வாரம், கூடத்தில் அவள் படத்தை மாட்டி, மேலே ஒரு சின்னச் சிவப்பு பல்பையும் எரியவிட்டார் அவள் அம்மா. “வருசம் திரும்புற வரைக்கும் எம்பொண்ணு இருட்டுல இருக்கக் கூடாது மாப்ள” என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனார்.

பிறகு நான் ஒரு ஆப்பிரிக்க வயலட் செடி வாங்கினேன். வெயில் நுழையாத இந்த வீட்டில் அது பூக்கவில்லை. செடிக்கென்று விற்கும் ஊதா விளக்கு ஒன்றை வாங்கினேன். கூடத்தில் ஒரே ப்ளக் பாயிண்ட்தான். பல்பைப் பிடுங்கிவிட்டு விளக்கைச் செருகினேன். செடி மொட்டு விட்டது.

இன்று காலை அத்தை சொல்லாமல் வந்துவிட்டார். செடியை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றேன். அவர் படத்தைப் பார்த்தார்.

“ஏன் மாப்ள, கரண்டு இல்லையா?”

“இல்ல அத்தை. காலையிலேயே போயிருச்சு.”

எங்கள் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. என் சட்டைக் கையில் ஊதா வெளிச்சம் விழுந்திருந்தது. அத்தை இரண்டையும் பார்த்தார். சுவரோரம் போய் மின்விசிறியை நிறுத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டார்.

“இந்தக் கரண்டுக்காரனுங்களே இப்படித்தான்” என்றார்.