நானூற்றுப் பன்னிரண்டு டம்ளர்கள்

கெட்ட செய்தி கேட்டதும் கையில் இருப்பதை நழுவவிடும் காட்சியைப் பற்றித்தான் மூன்று வருடமாக ஆராய்ச்சி செய்கிறாள் பவுலின். பழைய சினிமாவில் டம்ளர் ஒரே ஒரு முறை விழுகிறது. டிவி சீரியலில் அதே டம்ளர் மூன்று பக்கத்திலிருந்து மூன்று முறை விழுகிறது. ரீல்ஸில் செய்தியே கிடையாது. டம்ளர் மட்டும் விழுகிறது, யாரோ சிரிக்கிறார்கள். இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு டம்ளர்கள்.

“எல்லாம் சரிம்மா. இது சோகமா, காமெடியா? ஏதாவது ஒரு வகையில சேர்த்துக் கொண்டா” என்று ஆராய்ச்சி நெறியாளர் இன்றைக்கும் ஆய்வேட்டின் அத்தியாயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஐந்தாவது தடவை. விழுகிற டம்ளருக்கு வகை என்ன வேண்டிக்கிடக்கிறது என்று பொருமிக்கொண்டே வீட்டுக்கு வந்து அவள் காபி ஆற்றும்போது போன் அடித்தது. அப்பாவுக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருக்கும் தம்பி. அவளுக்காகப் பாதி டம்ளர்களை எண்ணிக் கொடுத்தவனும் அவன்தான்.

“அக்கா” என்றான்.

“சொல்லுடா.”

“கையில ஏதாவது வச்சிருக்கியா? மொதல்ல அதக் கீழ வை.”

“வைக்க மாட்டேன். நீ சொல்லு.”

“அக்கா...” என்றான் மறுபடியும். குரல் உடைந்தது. அழுகிறானா சிரிக்கிறானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. மூன்றாவது முறையும் அவன் “அக்கா” என்றபோது, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு டம்ளரை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தாள். உள்ளங்கை சுட்டது.

“சொல்லித் தொலைடா!”