தந்தியின் இழுப்பு

இசைப் போட்டியின் நடுவர்களில் ஒருவராக உஸ்தாத் முனீர் வந்து அமர்ந்ததைப் பார்த்ததும் சாருமதி தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். ஒரு காலத்தில் அவரிடம் சிதார் கற்றவள். அவரைக் கேட்காமல் ஒரு சினிமாப் பாட்டுக்கு வாசித்துவிட்டாள் என்று, "இனிமே எங்கயும் என் பேரைச் சொல்லாதே" எனச் சொல்லி அனுப்பிவிட்டார். அவளும் சொல்லவில்லை, தன்னிடம் படிக்கிறவர்களிடம்கூட.

மேடையில் அவளுடைய மாணவி தென்றல் வாசித்துக்கொண்டிருந்தாள். தந்தியை ஓரமாக இழுத்து, சுரம் போய்ச் சேர்வதற்குள் ஒரு கணம் தயங்கவிட்டாள். கண்மூடியிருந்த முனீர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வாசித்து முடிந்ததும் கேட்டார்: "இந்த இழுப்பை யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

"எங்க சாருமதி மேடம்ங்க."

"அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்களாம்?"

"தெரியாதுங்க ஐயா. கேட்டா பேச்சை மாத்திடுவாங்க."

முனீர் தன் விரல்களைப் பார்த்தார். பிறகு மதிப்பெண் தாளைப் பக்கத்து நடுவரிடம் நகர்த்தினார்.

"இவளுக்கு நீங்களே மார்க் போடுங்க. நான் போட்டா நியாயமா இருக்காது. இவ என் பேத்தி."

அரங்கில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. தென்றல் திகைத்துப்போய்க் கூட்டத்தில் தன் ஆசிரியையைத் தேடினாள். தூண் மறைவில் நின்ற சாருமதி வெளியே வந்தாள். காலில் கிடந்த செருப்பை அங்கேயே கழற்றிவிட்டு, நாற்காலிகளுக்கு நடுவே முன்வரிசையை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.