அழைப்பு இல்லாதவர்கள்

தென்காசியில் கட்டிய புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு ஆள் அழைக்க, பாவூர்சத்திரம் காய்கறி வியாபாரி சுடலைராஜ் தன் போனை மனைவி உமாராணியிடம் நீட்டினான். அவள் ஐ.டி. கம்பெனிக்காரி.

"எல்லாருக்கும் அனுப்பு. பேருல 'எடுக்காதே'ன்னு போட்டுருக்க ஆளுவளுக்கு மட்டும் வேண்டாம்."

"அது யாரு அத்தான்?"

"ஏலம் நடக்கையில போனப் போட்டு உசுர வாங்குத ஆளுவ."

சிரித்தபடியே பெயர்களை லேப்டாப்பில் ஏற்றி, அவற்றைச் சலித்தெடுக்க 'ரெஜெக்ஸ்' என்ற கம்ப்யூட்டர் விதி ஒன்று எழுதினாள்: எந்தப் பெயரும் வரலாம், 'எடுக்காதே' இருந்தால் தள்ளிவிடு. தட்டியதும் அறுநூறு பேருக்கு அழைப்பு பறந்தது.

உள்ளறையில் மாமியாரின் போன் சிணுங்கியது.

"பாத்தியா, எல்லாருக்கும் போயிட்டு!" என்றான் சுடலைராஜ்.

உமாராணி, மேசைமேல் சத்தமே இல்லாமல் கிடந்த தன் போனையே பார்த்தாள்.

"எனக்குத்தான் வரல, அத்தான்."