எதிர்ப்பக்கத்துத் துணிக்கடை

கடத்தூர் பழைய சந்தைக்கு எதிரே திறந்தவெளி வணிக வளாகம் கட்டினார்கள். சந்தைக்காரர்களுக்கும் அதில் கடை ஒதுக்கினார்கள். தக்காளி விற்கும் குள்ளம்மாள் மட்டும் மறுத்துவிட்டாள்.

மழையில் கோணிப்பையைப் போர்த்தியபடி எதிரேயிருந்த வளாகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவளிடம் அதன் மேலாளர் பிரபாகர் வந்தார்.

"துணிக்கடைக்குப் பக்கத்துக் கடைம்மா. கடைக்கு மேல கூரை இருக்கு, மழை ஒழுகாது. ஆசையாத்தானே பாக்கறீங்க, வந்துடுங்களேன்."

"வேணாங்க."

"ஏம்மா?"

"அந்தத் துணிக்கடையில வேலை பாக்கறது என் மக சசிகலாங்க. வேற சாதியில கட்டிக்கிட்டா. அவங்கப்பா சாவுக்கு வந்தவள சொந்தக்காரங்க வாசல்லயே தொரத்திட்டாங்க. நான் வாயத் தொறக்கல. அதுலேர்ந்து என் மூஞ்சியில முழிக்கறதில்ல."

குள்ளம்மாள் கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"பக்கத்துல வந்தா வேலைய வுட்டுட்டே போயிடுவா. இங்கன்னா, அவளுக்குத் தெரியாம பாத்துக்கிட்டாவது இருப்பேனுங்க."